இட்டாஸ்கா ஏரி: ஓர் இரவாவது தங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் வசிக்கிறேன். ஜூலையில் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். மிசிசிப்பி ஆறு பிறக்கும் இட்டாஸ்கா ஏரியை அவர்களுக்குக் காட்ட ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. காலையில் போய் இரவே திரும்பிவிடலாமா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். அன்றே திரும்பும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காரில் போகவே ஏறக்குறைய நான்கு மணி நேரமாகும். நண்பகலில் போய் மாலையில் கிளம்பினால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். ஏரியைச் சுற்றியுள்ள மாநிலப் பூங்காவுக்குள்ளேயே விடுதியும் கேபின்களும் இருக்கின்றன. ஜூலையில் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் இப்போதே முன்பதிவு செய்யுங்கள்.

ஆறு தொடங்கும் வடமுனைக்குப் போகும் பாதை குறுகிய தூரம்தான். மேடு பள்ளம் இல்லை. ஏரி நீர் ஒரு கல்வரிசையின் இடுக்குகளில் வழிந்து, முழங்காலளவு ஓடையாகக் கிளம்புகிறது. இங்கிருந்து 2,552 மைல் ஓடிக் கடலைச் சேர்வதாக அங்கே நட்டிருக்கும் மரத்தூணில் பொறித்திருக்கிறார்கள். கற்கள் மீது நடந்து தாண்ட அப்பா ஆசைப்படுவார். ஈரக்கல் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா கரையோரம் காலை நனைத்தபடி நின்றாலே போதும்.

அருகிலுள்ள பார்வையாளர் மையத்துக்கு மேரி கிப்ஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1903இல் பூங்காவின் பொறுப்பில் இருந்தபோது அவருக்கு வயது 24. மரம் வெட்டுவோர் கட்டிய அணையால் ஏரி நீர் உயர்ந்து, கரையோரப் பைன் மரங்கள் மூழ்கின. அணையைத் திறக்கச் சொல்லிப் போய் நின்றவரைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள், அவர் பின்வாங்கவில்லை. 200 வயதைத் தாண்டிய செம்பைன்களை இன்றும் கிழக்குக் கரையில் காரை நிறுத்திய இடத்திலிருந்தே அண்ணாந்து பார்க்கலாம்.

இரவு தங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் லூன் என்ற நீர்ப்பறவை. சிவந்த கண், கறுப்பு உடலில் சதுரம் சதுரமாக வெள்ளைப் புள்ளிகள். எலும்புகள் கனமானவை என்பதால் முக்குளிப்பதில் சூரன். ஆனால் பறந்து மேலெழும்ப வேண்டுமானால் நீர்ப்பரப்பில் வெகுதூரம் ஓடியாக வேண்டும். ஜூலையில் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். இருட்டிய பிறகு ஒரு லூன் நீளமாகக் கூவ, ஏரியின் மறுமுனையிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். முதல் முறை கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது, இன்றும் அப்படித்தான்.

விடியற்காலையில் ஏரி அசைவில்லாமல் கிடக்கும். துடுப்புப் போடும் கயாக்கோ தட்டையான பான்டூன் படகோ வாடகைக்குக் கிடைக்கும். அம்மாவுக்குப் பான்டூனே வசதி, பெஞ்சில் உட்காருவதுபோல உட்காரலாம். லூன் நீரில் நிமிர்ந்து நின்று சிறகடித்தால் நீங்கள் அதை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே விலகுங்கள்.

கொசு கடுமையாக இருக்கும். முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் அவசியம். புல்லில் நடந்து வந்தால் கணுக்கால், முழங்கால் மடிப்புகளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பா தூண்டில் போட விரும்பினால் உரிமம் பற்றிப் பூங்கா அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தூண்டிலில் எடைக்காகக் கட்டும் ஈயக்குண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். இரையை அரைக்க லூன் கூழாங்கற்களை விழுங்கும். அவற்றோடு ஒரே ஒரு ஈயக்குண்டு உள்ளே போனாலும் விஷமேறிச் செத்துப்போகும். கடையில் கேட்டால் வெள்ளீயத்திலோ எஃகிலோ செய்த குண்டுகளைக் கொடுப்பார்கள்.