பங்கா, வேலையா?

கேள்வி: உணவுப்பொருள் இறக்குமதியாளர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்திருக்கிறார்களே, உணவு வர்த்தகத்தில் அந்தச் சங்கங்களின் பங்கு என்ன? – ஒரு வாசகர்

பதில்: "பங்கு" என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு இருக்கிறது. நம் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் "முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று எங்கே கண்டாலும் அடித்துவிடுவேன். பகு என்ற வேரில் பிறந்த சொல் அது. சொத்தில் பங்கு உண்டு, இலாபத்தில் பங்கு உண்டு. ஒருவர் செய்கிற காரியத்துக்குப் பெயர் வேலை, அல்லது கடமை. "அகராதியிலேயே இருக்கிறதே" என்று வாதாடிய ஓர் உதவி ஆசிரியர் இதற்காகவே என்னோடு பல வாரங்கள் பேசாமல் இருந்தார். அவர் கட்சியை அவர் விடவில்லை, என் கட்சியை நானும் விடவில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் மட்டும் அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைக்க மனம் வரவில்லை. வியாபாரிகள் சங்கத்திடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. என்ன வேலை செய்கிறாய்? எதில் பங்கு கேட்கிறாய்?

பங்கு கேட்பது பழைய கதை. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டுவித்தது. வருகிற கப்பலின் உரிமையாளரும் மாலுமித் தலைவரும் கஸ்தூரியின் விலையைக் கணக்காக வைத்துப் பொன் செலுத்திவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டும் என்கிறது அது. கடல் கடந்து போன இடத்திலும் தமிழ் வணிகர்கள் சங்கமாகவே நின்றார்கள். வசூலை யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று கல்லிலும் பொறித்தார்கள். தொகையை இப்படி வெளிப்படையாக எழுதி வைத்ததற்காகவே அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

இனி வேலை. இறக்குமதியாளருக்கு இருக்கிற கஷ்டம் உள்ளூர்க் கடைக்காரருக்கு இல்லை. கடைக்காரர் தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து வாங்குவார். இறக்குமதியாளரோ கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே வங்கியில் ஆவணங்களைப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார். பார்க்காத சரக்கு, பழகாத ஆள், வேறொரு நாட்டுச் சட்டம். இந்த மூன்றையும் தனி ஆளாகச் சமாளிக்க முடியாது. 1878-இல் லண்டன் தானிய வணிகர்கள் சங்கம் அமைத்ததும் இதனால்தான். வெளிநாட்டிலிருந்து வரும் தானியத்துக்கு எல்லோரும் ஏற்கிற ஒரே ஒப்பந்தப் படிவம் வேண்டும் என்பதே அவர்களின் முதல் தேவை. அந்தச் சங்கம் 1971-இல் தீவன வணிகர் சங்கத்தோடு இணைந்து காஃப்டா ஆனது. அதில் விற்பவரும் உறுப்பினர், வாங்குபவரும் உறுப்பினர். அதன் படிவங்கள் ஒரு பக்கமாகச் சாயாமல் இத்தனை காலம் நின்றதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

படிவத்தில் என்ன இருக்கிறது என்றால், மாதிரி எடுக்கும் முறை இருக்கிறது. மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி உருவினால் அதன் குழிவில் ஒரு பிடி தானியம் வரும். எந்த மூட்டையில், எத்தனை மூட்டைக்கு ஒன்றில் குத்துவது என்பதில்தான் அத்தனை சண்டையும் அடங்கியிருக்கிறது. ஓரத்து மூட்டையிலேயே குத்திக்கொண்டிருந்தால் நடுவில் இருக்கும் பூஞ்சணம் பிடித்த சரக்கு வெளியே தெரியாது. அதனால் இறக்கும்போதே இரு தரப்புக் கண்காணிப்பாளர்களும் சேர்ந்து நின்று எடுக்க வேண்டும், கலந்து பிரிக்க வேண்டும், இருவருமே சீல் வைக்க வேண்டும். அந்தச் சிறிய பைதான் பிறகு நடுவர் முன் சாட்சி சொல்லும். நடுவராக உட்கார்பவரும் அதே வணிகத்தில் ஊறியவர். அவருடைய தீர்ப்புக்குப் பணியாதவரின் பெயரைச் சங்கம் உறுப்பினர்களுக்கெல்லாம் அறிவித்துவிடலாம். நீதிமன்றத்துக்கு அஞ்சாதவர்களும் இதற்கு அஞ்சுவார்கள்.

எண்ணெய் வித்துகளுக்கும் கொழுப்புகளுக்கும் ஃபாஸ்ஃபா என்ற சங்கம் இருக்கிறது. அதன் விதி ஒன்றைப் படித்த பிறகு எனக்கு இந்தச் சங்கங்களின் மேல் இருந்த அலட்சியம் போய்விட்டது. சமையல் எண்ணெய் வருகிற கப்பல் தொட்டியில் இதற்கு முன் என்ன வந்தது என்று எழுதித் தர வேண்டும். உடனடி முந்தைய சரக்காக இருக்கவே கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. ஈயம் கலந்த பொருளாக இருந்தால் முந்தைய மூன்று சரக்குகளிலும் இருக்கக்கூடாது. உலகத்தில் எங்கோ ஒரு குழந்தையின் தட்டில் விழப்போகும் எண்ணெய்க்காக, மூன்று பயணங்களுக்கு முந்தைய தொட்டியைக் கேள்வி கேட்கிற விதி இது. சங்கத்தின் வேலை என்றால் இதைத்தான் நான் சொல்வேன்.

பங்கு என்று சொன்னதும் 1973 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஜூன் 27 அன்று அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சில நாட்களில் தடையைத் தளர்த்தி, ஒப்பந்தமாகிப் பாக்கி நின்ற சோயா புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மட்டும் உரிமம் தந்தது. ஒரே சரக்கு பல கைகள் மாறி விற்கப்பட்டிருந்த நேரம். அந்த 40 யாருக்கு, மீதி 60-க்கு யார் பொறுப்பு? வழக்குகள் குவிந்தன. ஒன்று 1978-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. அத்தனை பேரும் வாதிட்டது காஃப்டாவின் படிவத்தில் இருந்த ஏற்றுமதித் தடை பற்றிய ஷரத்தின் வாசகத்தை வைத்துத்தான். எழுதும்போது ஒரு வரியில் தெளிவு குறைந்தால் எத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

இத்தனையும் சொல்லிவிட்டு மற்றதை மறைக்க மாட்டேன். பங்கு என்றால் பங்காளியும் உண்டு. சங்கத்தில் இருப்பவர்கள் ஒரே சந்தையின் பங்காளிகள். பகையாளியாக வெட்டிக்கொண்டால் நமக்கு விலை இறங்கும். ஒரே மேசையில் உட்கார்ந்து விலையைப் பேசி முடித்தால் அந்தப் பாகப்பிரிவினையில் செலவாவது நம் பணம். 1990-களில் தீவனத்தில் சேர்க்கும் லைசினை விற்ற நிறுவனங்கள், வணிகச் சங்கக் கூட்டம் என்ற போர்வையில் சந்தித்து விலையையும் விற்பனை அளவையும் கூடிப்பேசி வைத்துக்கொண்டன. ஏடிஎம் என்ற அமெரிக்க நிறுவனம் 1996-இல் இதற்காக 7 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே நான் கோடு கிழிக்கும் இடம் தெளிவானது. தரம், மாதிரி, ஒப்பந்தம், துறைமுகத் தாமதம், வரி விதிப்பு பற்றி அரசிடம் முறையிடுவது, இவையெல்லாம் சங்கத்தின் அறைக்குள் பேசத் தக்கவை. அடுத்த வாரம் என்ன விலைக்கு விற்பது என்ற பேச்சு எழுந்த கணமே செயலாளர் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வெளியேற வேண்டும். வெளியேறியதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும்.

அந்த மேசையில் சாப்பிடுகிறவனுக்கு நாற்காலி இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. சங்கங்கள் அரசிடம் போகும்போதெல்லாம் "நுகர்வோர் நலன்" என்கின்றன. நலன் என்றால் கையிருப்பு எவ்வளவு, எந்தச் சரக்கு தரம் தவறித் திரும்பிப் போனது என்பதை நுகர்வோரும் படிக்கும்படி வெளியிடலாமே?

ஆண்டறிக்கை எழுதும் சங்கச் செயலாளர்களுக்கு இந்தப் பக்கத்தை ஒதுக்கித் தருகிறேன். "நாட்டின் உணவுப் பாதுகாப்பில் எங்கள் சங்கம் முக்கியப் பங்கு வகித்தது" என்று அனுப்பினால் அடித்துவிடுவேன். எத்தனை மாதிரி எடுத்தீர்கள், அதில் எத்தனை தேறவில்லை, அதற்காக எந்த உறுப்பினரை நீக்கினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். ஓர் எழுத்தும் குறைக்காமல் வெளியிடுகிறேன்.