வௌவால் கீறல்: ஊசி கட்டாயம் வேண்டுமா?

பிரிஸ்பேனில் மாமரத்து வலையில் சிக்கிய வௌவாலை எடுத்துவிட்டபோது விரலில் கீறல், மூன்று நாளாகியும் ஒன்றும் இல்லை, ஆஸ்திரேலியாவில்தான் ரேபிஸ் கிடையாதே என்று எழுதியிருந்தீர்கள். நாய்களிடம் இல்லை, சரி. ஆனால் ரேபிஸின் பங்காளியான லிசா வைரஸ் அங்கே வௌவால்களிடம் உண்டு, 1996-ல் கண்டுபிடித்தார்கள். உங்கள் பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலேயே வௌவால் கடித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் நோய் தெரிந்தது, 1998-ல் இறந்துபோனார். மூன்று நாள் கணக்கெல்லாம் இதில் செல்லாது.

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். இன்றைக்கே டாக்டரிடம் போய் "வௌவால் கீறியது" என்றே சொல்லுங்கள். ரேபிஸ் ஊசிதான் இதற்கும். ஊரில் முன்பு நாய்க்கடிக்குப் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஊசி குறையும். அப்புறம், அடுத்த முறை சிக்கினால் கை வைக்காதீர்கள். தடுப்பூசி போட்ட மீட்புக்காரர்கள் இருக்கிறார்கள், கூப்பிடுங்கள்.