இறங்கிப் போகிற அருவி

கேள்வி: கார்த்திகை முடிவதற்குள் குடும்பமாக ஏலகிரி போய், நிலாவூரிலிருந்து காட்டு வழியாக ஜலகாம்பாறை அருவிக்கு நடந்து போய்த் திரும்ப வேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். 'ஆறு கிலோமீட்டர்தான் அத்தை, ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்' என்கிறான். என் மாமனாருக்கு 66 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் வருவேன் என்கிறார். எனக்கு முட்டிவலி உண்டு. மகனுக்கு 11 வயது. கார் இருக்கிறது, கணவர் ஓட்டுவார். போகலாமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: தாராளமாகப் போகலாம், சகோதரி. ஆனால் உங்கள் அண்ணன் மகன் போட்டிருப்பது போகிற வழிக்கான கணக்கு மட்டும்தான். திரும்பி வருவதை அவர் யோசிக்கவே இல்லை.

மற்ற அருவிகளுக்கு மூச்சு வாங்க ஏறிப் போய், குளித்துவிட்டு இறங்கி வருவோம். ஜலகாம்பாறை அதற்கு நேர்மாறு. ஏலகிரி மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே ஓடுகிற அட்டாறு, மலை விளிம்பில் திருப்பத்தூர் பக்கமாக விழுவதுதான் இந்த அருவி. அதனால் காலை குளிரில் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிவிடுவீர்கள். குளித்து, சாப்பிட்டு, கண் சொக்குகிற நேரத்தில், உச்சி வெயிலில் அவ்வளவு உயரத்தையும் ஏற வேண்டும். மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அரை மணி. அதுவும் குளிர் நாட்டில், திடகாத்திரமானவர்களுக்கு. நம் ஊர் வெயிலுக்கும் குழந்தை குட்டிகளுக்கும் குறைந்தது ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டும்.

அதனால் என் யோசனை, திரும்பி ஏறவே வேண்டாம். அருவிக்குத் திருப்பத்தூரிலிருந்து ரோடு இருக்கிறது, பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். நடப்பவர்களை நிலாவூரில் விட்டுவிட்டு உங்கள் கணவர் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பொன்னேரி, திருப்பத்தூர் வழியாகச் சுற்றி அருவிக்கு வந்துவிடட்டும். மாமனார் அவரோடு காரில் வரட்டும். அருவி பக்கத்திலேயே முருகன் கோயில் இருக்கிறது, அவருக்கும் பொழுது போகும். 'உங்களால முடியாது மாமா' என்று சொல்லாதீர்கள். 'கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லி வையுங்க' என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் முட்டிக்கு வருகிறேன். ஏற்றத்தில் மூச்சு போகும், இறக்கத்தில்தான் முட்டி போகும். ஆகவே ஒருவழி நடை உங்களுக்குச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் வள்ளிமலைக்குப் போய், முதுகில் பையோடு அந்த நானூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறி இறங்குங்கள். மறுநாள் காலை கட்டிலை விட்டு எழும்போது முட்டி முனகினால், நீங்களும் கார்தான்.

அனுமதி விஷயத்தில் சாக்குப்போக்கு வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, உள்ளூர் வழிகாட்டியோடுதான் இறங்க வேண்டும். 'எனக்கு வழி தெரியும், மேப் இருக்கு' என்று அண்ணன் மகன் சொல்வார். பள்ளத்துக்குள் சிக்னல் போனால் மேப்பும் போயிற்று. உங்கள் மகனோடு அவரைத் தவிர வயதுவந்த இன்னொருவரும் நடக்கட்டும்.

மாதம் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயத்தில்தான் அட்டாற்றில் நல்ல தண்ணீர். சித்திரையில் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் மழைக்காலத்துக்கே உரிய ஆபத்தும் உண்டு. அருவியடியில் வெயில் அடிக்கும்போதே மேலே நிலாவூர்ப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கலாம். குளிக்கும்போது தண்ணீரில் ஒரு கண் வையுங்கள். தெளிவாக இருந்தது திடீரென்று செம்மண் நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் தடிக்கும். இதில் எது தெரிந்தாலும் துண்டு, செருப்பு எதையும் தேடாமல் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். முதல் நாள் இரவு மலையில் கனமழை என்றால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.

மாமனார் காரில் வந்தாலும் பகலில் அலைச்சல்தான். சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். அன்று மாத்திரையை எப்படிப் போடுவது என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். குளுக்கோஸ் பாக்கெட் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் உடனே கொடுத்துவிட வேண்டும்.

நடப்பவர்களுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட். ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் புளிசாதம் போதும். தேங்காய் சேர்த்தது மதியத்துக்குள் ஊசிப்போகும். அப்புறம், செருப்பு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ தைத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறோம், மலைக்கு மட்டும் ரப்பர் செருப்போடு போகிறோம்! அடியில் நல்ல பிடிப்புள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் வேண்டும். சென்ட் பூசிக்கொள்ளக் கூடாது, பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருந்தால் கிளம்பிவிடும்.

காட்பாடியில் விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் நிலாவூரில் நடக்கத் தொடங்கலாம். அருவியை விட்டு மூன்று மணிக்குப் புறப்பட்டுவிடுங்கள். ஆம்பூர் பிரியாணி ஆசை இருந்தால் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள், போகும்போது வேண்டாம். அண்ணன் மகனுக்கு மலையைத் திரும்ப ஏறியே தீர வேண்டுமென்றால், தை மாதத்தில் நண்பர்களோடு வழிகாட்டி வைத்துக்கொண்டு போகட்டும். மாசியில் காட்டுத்தீ காலம் என்று பாதையை மூடிவிடுவார்கள்.