டிராக்டர் பின் டயரில் தண்ணீர் ஏற்றலாமா, எவ்வளவு ஏற்றுவது?

சட்டிக் கலப்பை போட்டால் சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ந்த கெட்டி மண்ணில் உழுவதாக இருந்தால் தாராளமாக ஏற்றலாம், எடை கூடினால் டயர் மண்ணைப் பிடிக்கும், டீசலும் டயர் தேய்மானமும் மிச்சம்.

அளவு, டயரின் கொள்ளளவில் முக்கால் பங்கு. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி திருப்பி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் விடுங்கள், உள்ளே இருக்கும் காற்று வெளியேற இடையிடையே நிறுத்த வேண்டியிருக்கும். வால்வு வழியாகத் தண்ணீர் திரும்பி வழிந்தால் முக்கால் ஆகிவிட்டது. 13.6-28 டயருக்கு (13.6 அங்குல அகலம், 28 அங்குல ரிம்) ஏறத்தாழ 180 லிட்டர் பிடிக்கும், அதாவது ஒரு பக்கத்துக்கு 180 கிலோ. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். அப்புறம் ஊசியை மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று அடியுங்கள். முழுக்க மட்டும் நிரப்பாதீர்கள், உள்ளே காற்று இல்லாவிட்டால் கல்லில் ஏறும்போது அடி அப்படியே டயர் மீதும் உங்கள் முதுகின் மீதும் இறங்கும்.

குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு என்ற உப்பைக் கலப்பார்கள், அது ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். நம் ஊர்ச் சமவெளிக்கு வெறும் நல்ல தண்ணீரே போதும், உப்புத் தண்ணீர் வேண்டாம்.

சேற்றுழவுக்கு முன் டயரில் உள்ள தண்ணீரைக் கட்டாயம் இறக்கிவிடுங்கள். அங்கே எடை கூடினால் வண்டி புதையும், கூண்டு போன்ற இரும்புச் சக்கரமான கேஜ் வீல்தான் சரி. பஞ்சர் ஆனாலும் தண்ணீரை வடித்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள், அந்த எடை ஆள் மேல் சாய்ந்தால் தாங்க முடியாது.