மணல் குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் போய்ப் பேசினால் ஏதாவது பயன் உண்டா?

கொள்ளிடக் கரை என்று எழுதியிருக்கிறீர்கள். "எல்லாம் முடிந்த கதை, ஒப்புக்குத்தான் கூட்டம் வைக்கிறார்கள்" என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள். பயன் உண்டு. நாம் சொல்வது தாளில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நான் வக்கீல் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. மணலே அள்ளக் கூடாது என்று சொல்கிறவனும் இல்லை. வீடு கட்டுகிறவனுக்கு மணல் வேண்டும், மாட்டுவண்டிக்காரருக்கும் பிழைப்பு வேண்டும். எங்கே, எவ்வளவு ஆழம் என்பதுதான் என் கேள்வி. இதைச் சொல்லாவிட்டால் கீழே வந்து 'வளர்ச்சிக்கு எதிரி' என்று எழுதுவார்கள்.

எங்கள் ஊர் தென்கரையில், திருவையாற்றுக்கு மேற்கே. எனக்கு மூன்று ஏக்கர், ஒரு ஃபில்டர் பாயிண்ட், அதாவது ஆழம் குறைந்த போர்க்கிணறு. சித்திரையில் ஆறு வறண்டு கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் நிற்கும். எங்கள் போருக்கும், ஆற்றுக்குள் இருக்கும் கூட்டுக்குடிநீர்த் திட்டக் கிணற்றுக்கும் அதுதான் ஊற்று. மணல் ஒரு மீட்டர் இறங்கினால் அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் அந்த அளவுக்குப் போய்விடும்.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு கொடுக்க வேண்டும். குவாரியால் என்ன பாதிப்பு என்று சொல்லும் வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் போன்ற இடங்களில் வைக்க வேண்டும். தமிழில் சுருக்கமும் இருக்க வேண்டும். நான் ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு நாள் நடந்த பிறகுதான் அறிக்கையைக் கண்ணில் காட்டினார்கள். ஸ்பைரல் போட்ட தடிமனான கட்டு, ஒருவரும் புரட்டாததால் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பயிர்ப் பட்டியலில் நிலக்கடலையும் பருத்தியும் இருந்தன, எங்கள் ஊரின் நெல்லும் வாழையும் இல்லை. '500 மீட்டருக்குள் குடிநீர் ஆதாரம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். தினமும் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரை அப்படி ஒரே சொல்லில் அழித்திருந்தார்கள்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 36ஆம் விதி இருக்கிறது. பாலம், குடிநீர்க் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் குவாரி கூடாது. சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்று ஐம்பது மீட்டர் நைலான் கயிறு வாங்கினேன். ஒரு முனையைப் பெரியப்பா மகன் பிடித்துக்கொள்ள, நட்ட நடு வெயிலில் கிணற்றிலிருந்து கல் நட்டிருந்த குவாரி எல்லை வரை மணலில் நேராக நடந்தோம். ஏழு கயிறு முடிந்து எட்டாவது பாதி கூட ஓடவில்லை, அதாவது 375 மீட்டர்கூட இல்லை.

கூட்டத்துக்கு மாவட்ட வருவாய் அலுவலர் தலைமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி பக்கத்தில் இருந்தார், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வேனில் கூட்டி வந்தவர்கள் 'வேலைவாய்ப்பு' என்று கைதட்டினார்கள். எங்கள் ஆட்களில் பலர் "ஆற்றைக் கொல்லாதே" என்று சத்தம் போட்டார்கள். அந்தக் கோபம் நியாயம்தான், ஆனால் அது குறிப்பில் ஏறாது. இது ஓட்டெடுப்பு இல்லை, ஆதரவு எத்தனை எதிர்ப்பு எத்தனை என்று எண்ணி முடிவெடுப்பதில்லை. என் முறை வந்தபோது பக்க எண்ணைச் சொன்னேன், கட்டத்தைச் சொன்னேன், கயிற்றுக் கணக்கைச் சொன்னேன். அறிக்கை தயாரித்தவர் "திருத்திக்கொள்கிறோம்" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கூட்ட நடவடிக்கையை அங்கேயே தமிழில் படித்துக் காட்ட வேண்டும், அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும் என்பது விதி. "சார், படித்துக் காட்டுங்கள்" என்று கேட்டேன். படித்தார்கள். 'குடிநீர் குறித்து ஒருவர் கவலை தெரிவித்தார்' என்று ஒரு வரி. நான் கவலை தெரிவிக்கவில்லை, அளவு சொன்னேன். கிணறு, தூரம், விதி எண் மூன்றையும் பேனாவால் சேர்க்கும்வரை நான் மேடையை விட்டு நகரவில்லை.

பிறகு சென்னையில், அனுமதி கொடுக்கலாமா என்று ஆராயும் மாநில மதிப்பீட்டுக் குழு அந்தக் கிணற்றைப் பற்றிக் கூடுதல் விவரம் கேட்டது. எல்லையைக் கிழக்கே தள்ளிப் புதிதாக விண்ணப்பம் வந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கிணறு இன்றைக்கும் ஓடுகிறது. 'பணம் வாங்கிக்கொண்டுதான் எல்லையைத் தள்ள விட்டான்' என்று எங்கள் தெருவிலேயே பேசினார்கள். அது இன்னும் வலிக்கிறது.

வயிற்றெரிச்சலில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் நெல் கொள்முதல் நிலைய வாசலில் எட்டு நாளாகக் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தினமும் காயவைக்கிறேன், ராத்திரிப் பனியில் மறுபடி ஏறிவிடுகிறது. தண்ணீரைக் காப்பாற்றிப் பயிர் செய்தவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூட்டைக்குக் காவல் படுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பரப்பளவைப் பாருங்கள். ஐந்து ஹெக்டேரைத் தொடாமல் 4.9 ஹெக்டேர் என்று துண்டு துண்டாக இருந்தால், பக்கத்துக் குத்தகை 500 மீட்டருக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பரப்பளவைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து ஹெக்டேருக்குக் கீழே இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இந்தத் துண்டு போடும் வழக்கமும் ஒரு காரணம். பேசுவதை எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதையும் மீறி அனுமதி வந்துவிட்டால், 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். அப்போது அந்த முத்திரை போட்ட நகல் கையில் இருக்க வேண்டும்.