போர்க்காலப் பின்னணியில் எழுதப்படும் கிறிஸ்தவக் காதல் புதினங்களில் நல்லதை எப்படி இனங்காண்பது?

இந்த வகைப் புதினங்களை நெடுநாளாக விரும்பி வாசிப்பவன் என்ற முறையில் என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதாபாத்திரத்தின் விசுவாசம் அவரிடமிருந்து எதைக் கேட்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஜெபித்து முடித்த கையோடு குண்டு விலகிப் போய் விழுவதும், காணாமற்போன விமானி கடைசி அத்தியாயத்தில் ரயிலிலிருந்து இறங்கி வருவதும், கடவுளை நம்பாத நாயகன் திருமணத்துக்கு முந்தைய பக்கத்தில் மனந்திரும்புவதும் இங்கே வழக்கமானவை. இவ்வகை நூல்களை அதிகமாக வெளியிடும் அமெரிக்கச் சுவிசேஷப் பதிப்பகங்கள், காதல் காட்சி முத்தத்தோடு நின்றுவிட வேண்டும், வசைச்சொல் வரக்கூடாது, முடிவு சுபமாக இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கின்றன. முதல் இரண்டும் எனக்குக் குறையாகப் பட்டதில்லை. மூன்றாவதுதான் போர் என்ற பின்னணியோடு ஒட்ட மறுக்கிறது.

கற்பனையை விட்டுவிட்டு உண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபருக்கும் மரியா ஃபொன் வெடெமெயருக்கும் 1943 ஜனவரியில் திருமணம் நிச்சயமானபோது அவருக்கு வயது 36, மரியாவுக்கு 18. அதற்கு முந்தைய சில மாதங்களுக்குள் மரியா தன் தந்தையையும் அண்ணனையும் கிழக்குப் போர்முனையில் இழந்திருந்தார். வயது வித்தியாசத்தையும் இந்தத் துக்கத்தையும் எண்ணி, இருவரும் ஓராண்டு விலகியிருக்க வேண்டும் என்று மரியாவின் தாயார் விரும்பினார். அந்த ஓராண்டு முடிவதற்குள், ஏப்ரல் 5 அன்று, போன்ஹோஃபர் கைது செய்யப்பட்டு பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அதன் பிறகு அவர்கள் பார்த்துப் பேசியதெல்லாம் காவலர்களின் முன்னிலையில்தான். எழுதியதும் பெரும்பாலும் தணிக்கைக்கு உட்பட்டதுதான்.

அந்தக் கடிதங்களில் ஒன்றில், தன் கட்டிலைச் சுற்றி அவருடைய சிறையறையின் அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்திருப்பதாக மரியா எழுதுகிறார். பக்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத இந்தச் செய்தி, பல புதினங்களின் நீண்ட ஜெபங்களைக் காட்டிலும் அதிகம் சொல்கிறது என்பேன். போன்ஹோஃபரும் சளைத்தவரல்லர். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் எரேமியா நிலம் வாங்கிய நிகழ்ச்சியை (எரேமியா 32ஆம் அதிகாரம்) நினைவூட்டி, தங்கள் திருமணம் கடவுளின் இந்தப் பூமிக்குச் சொல்லும் 'ஆம்' ஆக இருக்கும் என்று சிறையிலிருந்து எழுதினார். பூமியை விட்டு விலகாத அந்த விசுவாசத்தைத்தான் நான் இந்தப் புதினங்களில் தேடுகிறேன், அபூர்வமாகவே காண்கிறேன்.

1945 பிப்ரவரியில் அவரைத் தேடி மரியா ஃப்ளோசன்பூர்க் வதைமுகாம்வரை சென்று, அவர் அங்கே இல்லை என்று அறிந்து திரும்பினார். ஏப்ரலில் போன்ஹோஃபர் அதே முகாமுக்குக் கொண்டுவரப்பட்டு, 9ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். இரண்டே வாரங்களில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. எந்தப் பதிப்பாசிரியரும் இந்த முடிவை ஏற்றிருக்கமாட்டார். மரியா பின்னர் அமெரிக்காவில் கணிதம் பயின்று கணினித் துறையில் பணியாற்றினார் என்பதும், அவருடைய இரண்டு திருமணங்களும் மணமுறிவில் முடிந்தன என்பதும் எந்தக் காதல் புதினத்திலும் இடம்பெறாத பின்கதை.

இன்னொரு சோதனையும் உண்டு: கதையில் மன்னிப்பு யார் சார்பில் வழங்கப்படுகிறது? 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு புதினம், வேதாகமத்தில் பாரசீக அரசியாகித் தன் யூத மக்களைக் காத்த எஸ்தரின் கதையை, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு இடம்மாற்றி, யூதப் பெண் ஒருத்திக்கும் முகாமின் எஸ்.எஸ். (நாஜிகளின் துணைராணுவம்) தளபதிக்கும் காதலைக் கற்பித்தது. மறு ஆண்டு ஒரு விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்து, கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஏறத்தாழ 33,000 பேர் மாண்ட இடம் அது. அங்கிருந்து கிழக்கே, பெரும்பாலும் சாவுக்கு, அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 88,000 பேர். அவர்களுக்குப் பதிலாக மன்னிக்க ஒரு நாயகிக்கு ஏது உரிமை என்ற கேள்வியை அந்தக் கதை சந்திக்கவே இல்லை. அத்துடன், வேதாகமத்தில் எஸ்தர் கடைசிவரை யூதப் பெண்ணாகவே இருக்கிறாள். இந்தப் புதினத்தின் நாயகியோ கிறிஸ்தவத்தை நோக்கி நகர்த்தப்படுகிறாள். மதமாற்றத்தைக் காதலின் பரிசாக்குவது எந்தப் பின்னணியிலும் மலிவான உத்திதான். அந்த முகாமின் பின்னணியில் அது கொடுமையாகிறது.

ஆகவே, காதலர்கள் ஆபத்தைத் தாமே தேடி ஏற்கும் களங்களில் நடக்கும் கதைகளை முதலில் தேர்ந்தெடுங்கள். பிரான்சின் லெ ஷாம்போன் மலைக்கிராமத்தில் போதகர் ஆந்த்ரே ட்ரோக்மேயும் அவர் மனைவி மக்தாவும் ஊராரோடு சேர்ந்து யூத அகதிகளுக்கு அடைக்கலம் தந்தது போன்ற வரலாறு பின்புலமாக இருந்தால், விசுவாசத்தை வசனத்தில் திணிக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கே இராது. முடிந்தால் எந்தப் புதினத்துக்கும் முன்பாக போன்ஹோஃபர், மரியா இருவரின் கடிதங்களை வாசித்துவிடுங்கள். தாம் வாழ்ந்தவரை அவை முழுமையாக வெளிவருவதை மரியா விரும்பவில்லை. அவர் 1977இல் இறந்த பின், 1992இல் ஜெர்மன் மொழியில் தொகுக்கப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது.