‘பாங்க்ரப்ட்’ ஆவதும் ஐ.பி. கொடுப்பதும் ஒன்றா?

ஒன்றில்லை. கடலூர் பக்கத்து வியாபாரி ஒருவர் பாங்க்ரப்ட் ஆகிவிட்டார், ஐ.பி. கொடுத்துவிட்டார் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அவருக்குக் கடன் கொடுத்தவர் நீங்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கையில் காசில்லாதவர் ‘ப்ரோக்’. கடனைக் கட்டவே வழியற்றவர் ‘இன்சால்வென்ட்’. கோர்ட் அப்படி அறிவித்த பிறகுதான் பாங்க்ரப்ட். நம் 1920ஆம் ஆண்டு இன்சால்வென்சி சட்டம் அறிவிக்கப்பட்டவரையும் இன்சால்வென்ட் என்றே சொல்லும். ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், அப்படி அறிவிக்கச் சொல்லிக் கோர்ட்டில் போடும் வெறும் மனு. அந்த மனுவின் நோட்டீஸ், அதாவது மஞ்சள் கடுதாசி, வந்ததுமே பணம் போச்சு என்று தலையில் கைவைக்காதீர்கள்.

2016இல் புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது கிளம்புவார்கள். அதில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அமலில் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பழைய சட்டமே. அதன்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தொகையை இன்னும் வைத்துக்கொண்டிருப்பது அநியாயம்.

நோட்டீஸில் உள்ள தேதியில் வக்கீல் வைத்து ஆஜராகுங்கள். மனுவில் கடன்களோடு சொத்து முழுவதையும் காட்டியிருக்க வேண்டும். விட்டுப்போனதை ஆட்சேபத்தில் எழுதுங்கள். இன்சால்வென்ட் என்று உத்தரவானால் சொத்து கோர்ட் அல்லது அதை நிர்வகிக்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். அப்போது புரோநோட்டு, கணக்கு நகலுடன் அஃபிடவிட் போட்டு உங்கள் கடனை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தவர்களுக்குத்தான் பங்கு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் மனைவி, மச்சான் பெயருக்கு விலையில்லாமல் எழுதிவைத்திருந்தால் ரத்து செய்யக் கேட்கலாம். கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கடனை அடைத்திருந்தால், மனுவுக்கு முந்தைய 3 மாதத்துக்குள் நடந்ததை ரத்து செய்யக் கேட்கலாம். ரிசீவர் அசையாவிட்டால் கோர்ட் அனுமதியோடு நீங்களே மனு போடலாம்.

ஐ.பி. கொடுத்தால் எல்லாக் கடனும் ஒழிந்தது என்று சொல்லிக்கொடுக்கும் தரகர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அடமானம் வாங்கியவரின் உரிமை அப்படியே இருக்கும். அரசுக்குக் கட்டவேண்டியதும், மோசடி செய்து வாங்கியதும் கடனிலிருந்து விடுவிக்கும் கோர்ட் உத்தரவு வந்தாலும் தீராது. செக் திரும்பிய வழக்கு தனியாக ஓடும்.

டிவிக்காரர்களும் ஒரு கம்பெனியின் வழக்கு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனதுமே திவால் என்கிறார்கள். 1 கோடி ரூபாய் பாக்கி இருந்தால் அங்கே மனு போடலாம். கடலூர், புதுச்சேரி கம்பெனிகளுக்கு அது சென்னையில் இருக்கிறது. அங்கு முதலில் நடப்பது கம்பெனியை மீட்கும் முயற்சி. அது தோற்றால்தான் கலைப்பு.